கோரைக் களைக்கு எந்தப் பருவத்தில் மருந்து அடிப்பது? கேள்வி பதில்

கேள்வி (அரூர்): விதைத்த மறுநாளே பென்டிமெத்தலின் களைக்கொல்லி அடித்தேன். புல் வரவில்லை, கோரை மட்டும் ஊசி ஊசியாக வந்துவிட்டது. மருந்து போலியா அண்ணா?

பதில்: இதை வைத்து மருந்தைப் போலி என்று சொல்ல முடியாது. விதையிலிருந்து முளைக்கும் களையைத்தான் அது தடுக்கும். கோரை கிழங்கிலிருந்து வருகிறது. மண்வெட்டியால் ஒரு செடியைத் தோண்டிப் பாருங்கள். ஒரு கிழங்கு, கம்பி மாதிரி ஒரு தண்டு, அதன் நுனியில் அடுத்த கிழங்கு என்று மணி கோத்தாற்போல் போகும். கையால் பிடுங்கினால் கம்பி அறுந்து கிழங்கு உள்ளேயே தங்கிவிடும்.

கேள்வி (விருத்தாசலம்): நிலம் தரிசாகக் கிடக்கிறது. கிளைபோசேட் களைக்கொல்லியைக் கோரை இரண்டு இலையில் இருக்கும்போது அடிக்கவா, பூத்த பிறகா?

பதில்: இரண்டும் வேண்டாம். இளம் பருவத்தில் சத்து கிழங்கிலிருந்து மேலே ஏறும், மருந்து கீழே இறங்காது. ஐந்தாறு இலை விட்டு, பூ எடுப்பதற்கு முன் அடியுங்கள். அப்போது இலையில் உண்டாகும் சத்து கிழங்குக்கு இறங்கும், மருந்தும் கூடவே போகும். 41 சதவீத மருந்து, லிட்டர் தண்ணீருக்கு 10 மி.லி. தெளிந்த தண்ணீர் முக்கியம். கலங்கல் தண்ணீரில் மண் மருந்தைப் பிடித்துக்கொள்ளும். வாடிய செடியில் அடிக்காதீர்கள்.

அப்புறம் இரண்டு வாரம் உழக்கூடாது. நாலாம் நாள் பச்சை மாறவில்லை என்று ரோட்டவேட்டர் விடுகிறார்கள், மனசு வலிக்கிறது. பதினைந்தாம் நாள் கிழங்கை நறுக்கிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக, கெட்டியாக இருந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாகிக் கொழகொழவென்றிருந்தால் செத்தது. உறங்கும் கிழங்கு தப்பிவிடும், அது தழைக்கும்போது இன்னொரு முறை அடிக்க வேண்டும். கிளைபோசேட்டை உரிமம் பெற்ற பூச்சிக் கட்டுப்பாட்டாளர்கள்தான் அடிக்கலாம் என்று 2022-ல் மத்திய அரசு உத்தரவு போட்டது. இப்போது விதி என்ன என்று வேளாண்மை அலுவலகத்தில் கேட்டுவிட்டு இறங்குங்கள்.

கேள்வி (ஒட்டன்சத்திரம்): பாராகுவாட் களைக்கொல்லி அடித்தால் இரண்டே நாளில் கோரை கருகுகிறதே?

பதில்: பட்ட இலை மட்டும்தான் கருகும், கிழங்கு திரும்பத் தழைக்கும். மனுஷன் உடம்புக்குள்ளே போனால் முறிவு மருந்தே இல்லாத விஷம் அது. வீட்டில் வைக்கவே வேண்டாம் என்பேன்.

கேள்வி (நெல்லிக்குப்பம்): கரும்புக்குள் கோரை. ஊடுபயிராக உளுந்தும் இருக்கிறது.

பதில்: கரும்பு மட்டும் என்றால் ஹாலோசல்பியூரான் மீத்தைல் என்ற களைக்கொல்லி, 75 சதவீதக் குருணை, ஏக்கருக்கு 36 கிராம், கோரை மூன்று முதல் ஐந்து இலையில் இருக்கும்போது. உளுந்து இருப்பதால் இப்போது தொடாதீர்கள், உளுந்து கருகிவிடும். உளுந்து எடுக்கும் வரை கைக்களைதான்.

கேள்வி (அரூர்): களைக்கொல்லி அடித்த அதே டேங்கில் பிறகு நிலக்கடலைக்குப் பூச்சி மருந்து அடிக்கலாமா?

பதில்: களைக்கொல்லிக்குத் தனி டேங்க் வையுங்கள். முடியாவிட்டால் சோப்புத் தண்ணீரில் மூன்று முறை அலசி, ஓஸ், நாசில் வழியாகவும் அந்தத் தண்ணீரை வெளியேற்றுங்கள். அதைக் கிணற்றடியில் கொட்ட வேண்டாம்.