பிரான்சிலிருந்து விவாகரத்து சம்மன்: ‘இங்கே செல்லாது’ என்று தூக்கிப் போடலாமா?

கேள்வி (சுருக்கம்): எனக்கு 2014இல் புதுச்சேரி முத்தியால்பேட்டையில் திருமணம் நடந்தது. இந்து திருமணச் சட்டப்படி பதிவும் செய்தோம். கணவர் இந்த ஊர்க்காரர்தான், சொல்தா குடும்பம் (பிரெஞ்சுப் படையில் சிப்பாயாக இருந்தவர்கள்) என்பதால் பிரெஞ்சு குடியுரிமை. என்னிடம் இந்திய பாஸ்போர்ட்தான். நான்காம் மாதமே பாரீசுக்குப் பக்கத்தில் லா கூர்நெவ் போய்விட்டோம். 2018இல் அங்கே ஓர் அப்பார்ட்மென்ட் வாங்கினார், தன் பெயரில் மட்டும். ரெட்டியார்பாளையத்தில் ஒரு மனையும் அவர் பெயரில் இருக்கிறது. மாமியார் கொடுமை தாங்காமல் 2022இல் மகளோடு ஊருக்கு வந்தேன். அவரே விமான நிலையத்தில் கொண்டுவந்து விட்டார். பிறகு கூப்பிடவே இல்லை. இப்போது அங்குள்ள பொபினி நீதிமன்றத்திலிருந்து விவாகரத்து சம்மன். இங்குள்ள கோர்ட் அமீனா வந்து கையெழுத்து வாங்கிப் போனார். “பிரான்சு தீர்ப்பு இங்கே செல்லாது, தூக்கிப் போடு” என்கிறார் சித்தப்பா. “நீதிபதியே வேண்டாம், நொத்தேரிடம் (பிரெஞ்சு நோட்டரி) கையெழுத்துப் போட்டால் முடிந்தது” என்கிறார் கொழுந்தனார். மாமியார் மேல் வரதட்சணைப் புகார் கொடுக்கலாமா? எனக்கு நியாயம் கிடைக்குமா?

பதில்: உங்கள் கடிதத்தில் பெரும்பகுதி மாமியாரைப் பற்றியது. நீங்கள் பட்டது உண்மை என்றே எடுத்துக்கொள்கிறேன். ஆனால் பொபினி நீதிபதி அதைத் தேடப் போவதில்லை. சம்மனின் மொழிபெயர்ப்பில் உங்கள் கணவர் சொல்லியிருக்கும் காரணத்தைப் பாருங்கள். நீங்கள் குற்றவாளி என்றோ அவர் யோக்கியர் என்றோ அதில் இல்லை. ஒரு வருடத்துக்கு மேல் பிரிந்து வாழ்கிறோம், உறவு முறிந்துவிட்டது, அவ்வளவுதான். 2021 ஜனவரி முதல் பிரான்சில் அதற்கு ஒரு வருடப் பிரிவு போதும். நீங்கள் வந்து அதைவிட அதிக காலம் ஆகிவிட்டது. விவாகரத்து அங்கே கிடைத்துவிடும். அதைத் தடுக்க முடியுமா என்று யோசிப்பதை இன்றோடு விட்டுவிடுங்கள்.

சட்டப்படி உங்கள் முன் இருப்பது ஒரே கேள்வி. அந்த நீதிமன்றத்தில் நீங்கள் ஆஜராகப் போகிறீர்களா, ஆஜரானால் என்ன சொல்லி?

சித்தப்பா சொல்வதில் பாதி சரி. 1991இல் நரசிம்மராவ் எதிர் வெங்கடலட்சுமி வழக்கில் உச்சநீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. திருப்பதியில் நடந்த திருமணத்தை அமெரிக்காவில் மிசௌரி நீதிமன்றத்தில் கணவர் முறித்துக்கொண்டு வந்த வழக்கு அது. எந்தச் சட்டப்படி திருமணம் நடந்ததோ அந்தச் சட்டம் ஏற்கும் காரணத்துக்காகத்தான் வெளிநாட்டு நீதிமன்றம் விவாகரத்து தரலாம். எதிர்தரப்பு உண்மையாகவே அங்கே போய் வாதாடியிருக்க வேண்டும். அல்லது விவாகரத்துக்கே சம்மதித்திருக்க வேண்டும் என்றது தீர்ப்பு. ‘உறவு முறிந்துவிட்டது’ என்பது இந்து திருமணச் சட்டத்தில் ஒரு காரணமே இல்லை. அந்தக் காரணத்தை வைத்து மணத்தைக் கலைக்கும் அதிகாரம் அரசியலமைப்பின் 142ஆம் பிரிவில் உச்சநீதிமன்றத்துக்கு மட்டும் உண்டு என்று 2023 மே மாதத் தீர்ப்பு சொல்கிறது. ஆகவே நீங்கள் போகாமல் இருந்தால் பொபினி தரும் தீர்ப்பு புதுச்சேரியில் உங்களைக் கட்டுப்படுத்தாது. நீங்கள் போய் எதிர்த்து, அவர் அதே காரணத்தில் ஜெயித்தாலும் இங்கே அதை எதிர்க்க இடம் இருக்கிறது.

இந்தப் பாதியைக் கேட்டதும் எல்லோருக்கும் நிம்மதி வந்துவிடுகிறது. என்னிடம் வந்த சிலர் கெட்டுப்போனது அங்கேதான்.

ஒரு பெண், உங்கள் நிலைமையேதான். சம்மனை பீரோவில் நகைப்பெட்டிக்குக் கீழே மடித்து வைத்தார். ஆறு வருடம் கழித்து, பெற்றோர் வேறு வரன் பார்த்தபோது அந்த மடிப்பு கலையாமல் என் மேசைக்கு வந்தது. அதற்குள் கணவர் அங்கே மறுமணம் செய்து இரண்டு குழந்தை. பிரான்சில் அவர் விவாகரத்தானவர். இந்தியாவில் இந்தப் பெண் இன்னும் அவர் மனைவி. பிரெஞ்சு குடிமகன் பிரான்சில் செய்த மறுமணத்துக்கு இங்கே வழக்குப் போட்டு ஒன்றும் ஆகாது. இந்தப் பெண் இங்கே தாலி கட்டிக்கொண்டால், கணவர் உயிரோடிருக்க இரண்டாம் திருமணம்: பாரதிய நியாய சன்ஹிதாவின் 82ஆம் பிரிவு, ஏழு வருடம் வரை சிறை. ‘செல்லாது’ என்ற சொல் கடைசியில் அவரை மட்டும்தான் கட்டிப்போட்டது. இங்கே புதிதாக மனு போட்டு, அந்த மனிதருக்குப் பிரான்சில் நோட்டீஸ் சேர்ப்பித்து முடிக்கவே காலம் ஓடியது.

பணத்தில் இழப்பு இன்னும் பெரிது. நம் இந்துச் சட்டத்தில் மனைவிக்குக் கணவன் சொத்தில், அவர் உயிரோடு இருக்கும்வரை, பங்கு என்று ஒன்று கிடையாது. பத்திரம் யார் பெயரோ சொத்து அவருடையது. அதனால்தான் அப்பார்ட்மென்ட் விஷயத்தை “அவர் பெயரில் மட்டும்” என்று ஒரே வரியில் கடந்துபோயிருக்கிறீர்கள். பிரான்சில் கதை வேறு. திருமண ஒப்பந்தம் எதுவும் எழுதாத தம்பதிக்கு, மணமான பிறகு சம்பாதித்து வாங்கியது யார் பெயரில் இருந்தாலும் ஆளுக்குப் பாதி. உங்கள் காலத்தில் மணமானவர்களுக்கு, கல்யாணம் எங்கே நடந்தாலும், தம்பதியாக முதலில் குடியேறிய நாட்டின் சட்டமே சொத்துக்குப் பொருந்தும் என்பது அங்குள்ள விதி. நான்காம் மாதமே லா கூர்நெவ் போனது உங்களுக்குச் சாதகம். 2018இல் அவர் சம்பளத்தில் வாங்கிய வீட்டில் வங்கிக் கடன் போக மிச்சத்தில் பாதி உங்களுடையது என்று கேட்க நல்ல இடம் இருக்கிறது. ரெட்டியார்பாளையம் மனையையும் அந்தக் கணக்கில் சேர்க்கச் சொல்லலாம். ஆனால் இங்குள்ள பத்திரத்தில் பொபினி தீர்ப்பு நேராகப் பெயர் மாற்றிவிடாது.

பாதிப் பங்கு, தீர்ப்பு வந்ததாலேயே அழிந்துவிடாது. பிறகும் அங்கே போய்ப் பிரித்துக் கேட்கலாம். அழிந்துபோவது ஈட்டுத்தொகை. விவாகரத்தால் ஒருவர் வாழ்க்கை நிலை இறங்கினால் மற்றவர் தர வேண்டிய மொத்தத் தொகை அது. அதை விவாகரத்து வழக்குக்குள்ளேயே கேட்க வேண்டும். வழக்கு முடிந்த பிறகு கதவு மூடிவிடும். நம் ஊர் வக்கீல்களே இங்கே தவறுவதைப் பார்த்திருக்கிறேன். நம் இந்து திருமணச் சட்டத்தின் 25ஆம் பிரிவில் தீர்ப்புக்குப் பிறகும் எப்போது வேண்டுமானாலும் ஜீவனாம்சம் கேட்கலாம். அந்தப் பழக்கத்தில் “அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்” என்று சொல்லிவிடுகிறார்கள். லண்டனிலும் சிங்கப்பூரிலும் வெளிநாட்டில் விவாகரத்து முடிந்த பிறகும் பணம் கேட்க, நீதிமன்ற அனுமதியோடு தனி வழி உண்டு. அங்கே இருந்த உறவினர் சொன்னதை பிரான்சுக்குப் பொருத்தினால் எல்லாம் போய்விடும்.

“புதுச்சேரி குடும்பநல நீதிமன்றத்தில் ஜீவனாம்சம் வாங்குகிறேன்” என்பீர்கள். உத்தரவு வாங்கலாம். சம்பளம் வருவது பிரான்சில். இங்கத்திய வாரண்ட் அங்கே ஓடாது; அந்த நாட்டு நீதிமன்றத்தில் தனியாக அனுமதி வாங்கித்தான் வசூலிக்க வேண்டும். இங்கே கைவைக்க இருப்பது அந்த மனை ஒன்றுதான். அதற்கு இப்போதே வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். விற்கக் கூடாது என்று தடை கேட்பது பற்றி உள்ளூர் வக்கீலிடம் பேசுங்கள்.

கொழுந்தனார் சொல்லும் வழி எல்லாவற்றையும்விட ஆபத்து. 2017 ஜனவரியிலிருந்து பிரான்சில் இருவரும் ஆளுக்கொரு வக்கீல் வைத்து ஒப்பந்தம் எழுதி, பதினைந்து நாள் யோசித்துக் கையெழுத்திட்டு, நொத்தேரிடம் ஒப்படைத்தால் விவாகரத்து முடிந்தது. நீதிபதி பார்ப்பதில்லை. அங்கே அது சுத்தமான விவாகரத்து. ஆனால் நம் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு அங்கீகரிப்பது வெளிநாட்டு நீதிமன்றத்தின் தீர்ப்பை. நொத்தேர் கையில் இருப்பது தீர்ப்பே இல்லை. நீங்கள் மனதாரச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டிருந்தாலும், நாளை இங்கே ‘விவாகரத்தானவர்’ என்று நிரூபிக்க உங்கள் கையில் ஒரு ஒப்பந்தம்தான் இருக்கும். தயவுசெய்து அதில் கையெழுத்துப் போடாதீர்கள்.

நான் சொல்வது சமரசம். அதை அந்த நீதிபதியின் முன்னால் செய்யுங்கள். பிரெஞ்சு சட்டத்தில், யார் குற்றவாளி என்று பேசாமல் ‘பிரிவதற்கு இருவருக்கும் சம்மதம்’ என்று மட்டும் ஏற்றுக்கொண்டு, பணத்தையும் குழந்தையையும் நீதிபதி தீர்மானிக்கும் விவாகரத்து ஒன்று உண்டு. அது நீதிமன்றத் தீர்ப்பு. உங்கள் சம்மதம் அதில் பதிவாவதால் நரசிம்மராவ் தீர்ப்பின் விதிவிலக்குக்குள் வரும். இங்கேயும் நீங்கள் விடுபட்டவர் ஆவீர்கள். எச்சரிக்கை ஒன்று: அந்தச் சம்மதத்தைக் கொடுத்தால் திரும்பப் பெற முடியாது, அப்பீலில்கூட. அதனால் தொகை பேசி எழுத்தில் வரும்வரை அந்தத் தாளைத் தொடாதீர்கள். உங்கள் கையில் இருக்கும் பலமே அதுதான். இந்தியாவிலும் செல்லும் ஒரு விவாகரத்து அவருக்கும் தேவை. இங்கே மனை இருக்கிறது, சொந்தபந்தம் இருக்கிறது, வந்துபோக வேண்டியவர். அதை விலையாக வைத்துப் பேசுங்கள். உங்களுக்குச் சேர வேண்டிய நகைகளின் பட்டியலும் அந்தப் பேச்சுக்குள்ளேயே போகட்டும். ஈட்டுத்தொகையை எட்டு வருடம் வரை தவணையாகக் கட்ட அங்கே அனுமதி உண்டு. அவர் வக்கீல் கட்டாயம் கேட்பார். குறைந்த தொகையானாலும் ஒரே தவணையில் வாங்குங்கள். வெளிநாட்டுத் தவணை மூன்றாம் வருடம் நின்றுபோனால் துரத்த உங்களால் முடியாது.

மாமியார் மேல் வரதட்சணைப் புகார் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அடி, மிரட்டல் இன்று நடந்தால் இன்றே கொடுங்கள். நீங்கள் எழுதியிருப்பவை 2022க்கு முந்தியவை, நடந்தது பிரான்சில். இப்போது கொடுத்தால் உங்கள் கணவர் இந்தப் பக்கமே வரமாட்டார், பேச்சும் முறியும்.

மகள் விஷயத்தில் நீங்கள் பயப்படாதது எனக்குப் பயமாக இருக்கிறது. தகப்பன் சம்மதம் இல்லாமல் பிள்ளையை வெளிநாட்டில் வைத்திருப்பது பிரெஞ்சு சட்டத்தில் குற்றம். சிறைத் தண்டனை உண்டு. குழந்தைக் கடத்தல் குறித்த 1980ஆம் ஆண்டு ஹேக் ஒப்பந்தத்தில் இந்தியா சேரவில்லை. குழந்தையின் நலனைத்தான் நம் நீதிமன்றங்கள் முதலில் பார்க்கும். அது இங்கே உங்களைக் காக்கும். பாரீஸ் விமான நிலையத்தில் காக்காது. அவர் வாங்கித் தந்த டிக்கெட்டின் மின்னஞ்சல், “பத்திரமாகப் போய்ச் சேர்ந்தீர்களா” என்று அன்று இரவு அனுப்பியதாக நீங்கள் எழுதியிருக்கும் வாட்ஸ்அப், இரண்டையும் அவர் சம்மதித்தே அனுப்பினார் என்பதற்குச் சாட்சியாகப் பிரதி எடுத்து வையுங்கள். போன் மாற்றும்போது அழிந்துவிடும். அங்கே வைக்கும் அவொக்காவுக்கு (பிரெஞ்சு வக்கீல்) முதலில் அனுப்ப வேண்டியது அதுதான்.

அவர் வழியில் ஒரு விவரம் விட்டுப்போயிருக்கிறது. அவர் குடும்பம் 1881 பிரெஞ்சு ஆணைப்படி சொந்த (இந்து) சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சட்டத்தை ஏற்ற ரெனோன்சான் குடும்பமா? அப்படியென்றால் இந்து திருமணச் சட்டமே அவருக்குப் பொருந்தாது. நரசிம்மராவை வைத்து நான் சொன்ன கணக்கு முழுவதையும் மறுபடி போட வேண்டும். அவருடைய பாட்டனார் பெயரில் மேரி (பிரெஞ்சுக் கால நகராட்சி) பதிவு இருக்கிறதா என்று கேட்டுப் பார்த்து, சம்மனில் உள்ள முதல் விசாரணைத் தேதியையும் சேர்த்து இந்த வாரமே எழுதுங்கள்.