பாடசாலையில் கிராமிய நடனம் சொல்லிக்கொடுக்க என்ன வழி? யூடியூப் பார்த்துப் பழக்கினால் போதாதா?

கேட்டவர் புதிதாக வந்த ஆசிரியர் என்று நினைக்கிறேன். கலைவிழா நெருங்கியிருக்கும், அதிபர் "ஒரு கிராமிய நடனம் போடுங்க" என்றிருப்பார். விழாவுக்கு மட்டும் என்றால் யூடியூப் போதும். பிள்ளைகளுக்கு ஆட்டம் வரவேண்டும் என்றால் போதாது.

நான் இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். சிவன் மன்மதனை எரித்த கதையை ஆடும் காமன் கூத்து ஆட்டம் பழக்க எங்கள் தோட்டத்துக் கூத்து மாஸ்டரையே அழைத்தேன். தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுகிறவர். ஒன்று, இரண்டு என்று எண்ணி அடி பிரித்துக் காட்ட அவருக்கு வராது. தப்பு என்கிற பறை மேளத்தின் சத்தம் கேட்டால்தான் கால் எழும்பும். அதனால் தொடக்கத்தில் ஆட்டமே இல்லை. பிள்ளைகள் தப்படியை வாயால் சொல்லி, கைதட்டி, அதற்கேற்ப மைதானத்தைச் சுற்றி நடந்தார்கள். அப்புறம் வட்டமாக நிறுத்தி, தெரிந்த பிள்ளைக்குப் பக்கத்தில் தெரியாத பிள்ளையை விட்டு, ரதி மதன் ஆட்டத்தை மெதுவாக அடிக்கச் சொன்னேன். காலை மட்டும் பார்க்கவேண்டும். கையும் முகமும் பிறகு வந்தன. பிள்ளை தடுமாறினால் தப்படிக்கிறவர் பொறுத்து அடிப்பார், ஸ்பீக்கர் பொறுக்காது.

"சாமி காரியத்தைப் பாடசாலைக்குக் கொண்டுவரலாமா?" என்று சிலர் கேட்பார்கள். காப்புக் கட்டுவதும் கம்பம் ஊன்றுவதும் காமன் எரிப்பதும் மாசியில் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்திலேயே நடக்கட்டும். நாங்கள் எடுத்தது ஆட்டத்தை மட்டும்.

எனக்கு வலித்தது வேறு. "எங்க பிள்ள தப்புத் தொடக் கூடாது" என்று சில பெற்றோர் வந்து நின்றார்கள். திருவிழாவுக்கும் சாவுக்கும் தப்பு வேண்டும், பிள்ளை கையில் மட்டும் கூடாதா? ஆசிரியர்களே சாதி பார்த்துத் தயங்கினால் எந்த முறையும் உதவாது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். 2023இல், மலையகத் தமிழர் இலங்கைக்கு வந்து இருநூறு ஆண்டு என்று கொண்டாடிய மலையகம் 200க்கு மேடைக்கு மேடை தப்பு முழங்கியது. ஆனால் பிள்ளைகளுக்குப் பழக்க வந்த மனிதருக்கு அந்த நாட்களில் தோட்டத்தில் அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம்தான் விழுந்தது. வெளியாளுக்குக் கொடுக்கப் பாடசாலையிலும் பணமில்லை. பழைய மாணவர்கள் சிலர் சேர்ந்து கொடுத்தார்கள். சரி, நீங்கள் மாஸ்டரைக் கூப்பிடுவதற்கு முன்னாலேயே அந்தக் காசுக்கு வழி பார்த்துவிடுங்கள்.