நெஞ்சில் கோர்த்த நீர்: அழுத்தம் அளப்பது எதற்கு?

கேள்வி: அம்மாவுக்கு 61 வயது. மார்பகப் புற்றுநோய். இப்போது வலது நுரையீரலைச் சுற்றி நீர் கோர்க்கிறது. இரண்டு முறை ஊசி போட்டு எடுத்தார்கள். இரண்டாவது முறை ஒரு லிட்டர் வருவதற்குள் நெஞ்சை இறுக்குகிறது என்று துடித்துவிட்டார், நிறுத்திவிட்டார்கள். அடுத்த தடவை உள்ளே அழுத்தத்தை அளந்து பார்த்து, பவுடர் போடுவதா, ட்யூப் வைப்பதா என்று முடிவு செய்யலாம் என்கிறார் டாக்டர். இது அவசியமா? இன்னொரு ஊசி குத்துவார்களா?

பதில்: இன்னொரு ஊசி கிடையாது. நீர் எடுக்கச் செருகும் அதே குழாயோடு அளவுமானியை இணைப்பார்கள். தொடக்கத்தில் ஒரு முறை, அப்புறம் ஒவ்வொரு 200, 250 மில்லி எடுத்ததும் ஒரு முறை பார்ப்பார்கள். அந்தச் சில நொடிகள் அம்மா இருமாமல், பேசாமல், இயல்பாக மூச்சு விட்டால் போதும்.

நீர் வெளியேற வெளியேற, அமுங்கிக் கிடந்த நுரையீரல் விரிந்து அந்த இடத்தை நிரப்ப வேண்டும். அப்படி விரிந்தால் உள்ளே அழுத்தம் மெதுவாகத்தான் இறங்கும். நுரையீரலின் மேல் புற்றுப் படலம் இறுகியிருந்தாலோ, மூச்சுக்குழாய் அடைபட்டிருந்தாலோ அது விரியாது. காலி இடத்தில் உறிஞ்சல் கூடி, அழுத்தம் சட்டென்று சரியும். ஒரு லிட்டர் எடுப்பதற்குள் அழுத்தம் 14.5 செ.மீ. நீர் (இந்த அழுத்தத்தை அளக்கும் அலகு) அளவுக்கு மேல் இறங்கினால், நுரையீரல் விரியவில்லை என்று சந்தேகப்படுவோம். மைனஸ் 20 செ.மீ.க்குக் கீழே போனால் எடுப்பதை நிறுத்துவது வழக்கம்.

இது ஏன் முக்கியம் என்றால், டால்க் பவுடர் வைத்தியம் ஒட்டவைக்கும் வேலை. நுரையீரலின் உறையும் நெஞ்சுச் சுவரின் உறையும் ஒன்றையொன்று தொட்டால்தான், பவுடர் உண்டாக்கும் அழற்சியில் இரண்டும் ஒட்டி, நீர் சேர இடமில்லாமல் போகும். விரியாத நுரையீரலில் பவுடர் போட்டால் வலியும் காய்ச்சலும் ஆஸ்பத்திரி வாசமும்தான் மிச்சம். அவர்களுக்கு, வீட்டிலேயே நீரை வடிக்கும் நிரந்தர ட்யூப்தான் பொருத்தம்.

அதனால் உங்கள் டாக்டர் கேட்பது நியாயம்தான். ஆனால் அந்த எண்ணை மட்டும் நம்பிவிடக் கூடாது என்பதே என் கருத்து. அமெரிக்காவில் நடந்து 2019-இல் வெளியான ஓர் ஆய்வில், அழுத்தம் பார்த்து நீர் எடுத்தவர்களையும் நோயாளி சொல்லும் அறிகுறியை மட்டும் வைத்து எடுத்தவர்களையும் ஒப்பிட்டார்கள். நெஞ்சு வலி இரு பக்கமும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. வலி வராமல் காக்க இந்தக் கருவி கட்டாயம் என்று சொல்ல முடியாது. சிகிச்சையைத் தேர்ந்தெடுக்கத்தான் இது உதவும்; அதிலும் நீர் எடுத்த பிறகு பார்க்கும் எக்ஸ்ரேயையும் சேர்த்தே பார்க்க வேண்டும். கருவி இல்லாத ஆஸ்பத்திரியில் அந்த எக்ஸ்ரேயை வைத்தே பெரும்பாலும் முடிவெடுத்துவிடலாம்.

நம் அம்மாக்களிடம் ஒரு பழக்கம் உண்டு: வலித்தாலும் “பரவாயில்லை, எடுங்க” என்பார்கள். இங்கே அது வேண்டாம். கடைசியில் வரும் இருமல் பெரும்பாலும் நுரையீரல் விரிவதால் வருவது. ஆனால் நெஞ்சின் முன்பக்கம் இறுக்கிப் பிடித்தால் அது உறிஞ்சல் கூடியதன் அடையாளமாக இருக்கலாம். உடனே சொல்லச் சொல்லுங்கள். போன முறை அவர் சொன்னதும் நிறுத்தியது சரியான செயல்.

நீங்கள் எழுதாத ஒன்றையும் டாக்டரிடம் சொல்லுங்கள்: நீர் எடுத்த பிறகு அம்மாவுக்கு மூச்சு இலகுவானதா? மாடி ஏறவோ, படுத்துத் தூங்கவோ முடிந்ததா? கொஞ்சமும் மாற்றமில்லை என்றால், பவுடரோ ட்யூபோ முடிவு செய்வதற்கு முன், நுரையீரல் ரத்தக்குழாய் அடைப்பு போன்ற வேறு காரணம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ட்யூப் என்று முடிவானால் பயப்படாதீர்கள். மூச்சுத் திணறலைக் குறைப்பதில் அது டால்க்குக்குச் சளைத்ததல்ல. ஆஸ்பத்திரியில் கிடக்கும் நாட்களும் குறையும். வடிக்கும் முறையை வீட்டில் இருவராவது நர்ஸிடம் கற்றுக்கொள்ளுங்கள். ட்யூபைச் சுற்றிச் சிவந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, வரும் நீர் சீழ்போல மாறினாலோ அன்றே காட்டிவிடுங்கள்.