ஞாயித்துக்கிழமை டோர்ட்மூண்ட்ல புள்ளைய எங்க கூட்டிட்டுப் போறது

தங்கச்சி, நீங்க எழுதினத ரெண்டு தடவ படிச்சேன். ஜெர்மனிக்கு வந்து நாலு மாசம் ஆச்சு, வீட்டுக்காரர் ஆபீஸ் போயிடுறார், நாலு வயசுப் பொண்ண வச்சுக்கிட்டு டோர்ட்மூண்ட்ல ஹோர்டே பக்கம் இருக்கீங்க, ஞாயித்துக்கிழமைன்னா கடையெல்லாம் அடைச்சு ஊரே வெறிச்சோடிப் போயிடுது, பக்கத்து வீட்டுக்காரங்க ஒரு வார்த்த பேசல, லீவு நாள்ல புள்ளைய எங்க கூட்டிட்டுப் போறது, இந்த ஊரு ஜனங்க நம்மள சேத்துக்குவாங்களா, இதான உங்க கேள்வி. படிக்கும்போது எனக்கு என்னோட மொத வருஷம் அப்படியே கண்ணு முன்னாடி வந்துச்சு, அதான் கொஞ்சம் நீளமாவே எழுதுறேன்.

நாங்க 2011ல வந்தப்ப மூத்தவனுக்கு மூணு வயசு. சனி ஞாயிறு வந்தா போதும், பையத் தூக்கிட்டுக் கிளம்பிடுவோம், ஆம்ஸ்டர்டாம், பாரிஸ், ப்ரஸ்ஸல்ஸ்னு. போட்டோ எடுத்து ஊருக்கு அனுப்பினா அம்மா அப்பாவுக்கும் சந்தோஷம். ஆனா திங்கக்கிழமை காலைல ஜன்னலத் தொறந்து பாத்தா தெருவுல தெரிஞ்ச முகம்னு ஒண்ணு இருக்காது. அப்புறம் சின்னவ வயித்துல இருந்தப்ப டாக்டரம்மா ரொம்ப அலையாதீங்கன்னு சொல்லிட்டாங்க, வேற வழியில்லாம வீட்டுக்குப் பக்கத்துல இருந்த ப்ளே கிரவுண்டுக்கு தெனமும் நாலு மணிக்குப் போக ஆரம்பிச்சேன். இந்த ஊரு எனக்குப் பழகினதே அதுக்கப்புறம்தான். அதனால நான் சொல்றது இதான், தூரமாப் போறதக் கொஞ்சம் குறைச்சுக்கிட்டு பக்கத்துலயே ஒரு இடத்துக்கு ஒரே நேரத்துக்குத் திரும்பத் திரும்பப் போங்க.

அந்த ப்ளே கிரவுண்ட்ல மொத வாரம் யாரும் பேசல. ரெண்டாவது வாரம் தலைய ஆட்டினாங்க. அதுக்கடுத்த வாரம் ஒரு அம்மா ஆப்பிள் நறுக்கி வச்ச டப்பாவத் தொறந்து, பையன் ஆசையாப் பாக்குறதப் பாத்துட்டு, உடனே அவன்கிட்ட நீட்டல, மொதல்ல என் முகத்தப் பாத்து குடுக்கலாமான்னு கேட்டாங்க, நான் சரின்னதும்தான் குடுத்தாங்க. எனக்கு அது ரொம்பப் புடிச்சிருந்துச்சு. மறுநாள் நான் முறுக்கு கொண்டு போனேன், அந்தப் புள்ளைங்க மணல்ல உக்காந்து ஒவ்வொரு சுத்தா உடைச்சு உடைச்சு தின்னுச்சுங்க. அந்த அம்மா இன்னிக்கும் என் சிநேகிதி. வீட்டுக்குக் கூப்பிட ஒரு வருஷம் ஆச்சு, அதுவும் மூணு வாரத்துக்கு முன்னாடியே தேதி குறிச்சு, மத்தியானம் மூணரைக்கு காபியும் கேக்கும்னு. நம்ம ஊரு மாதிரி அந்தப் பக்கம் வந்தேன் அப்படியே எட்டிப் பாத்தேன்னு இங்க யாரும் வர மாட்டாங்க, அதத் தப்பா எடுத்துக்காதீங்க, ஒருதடவ கூப்பிட்டாங்கன்னா மனசாரத்தான் கூப்பிடுவாங்க. ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோங்க, பொறந்தநாளுக்கு முன்கூட்டியே வாழ்த்து சொல்லாதீங்க, அது ஆகாதுன்னு நினைக்கிறவங்க இங்க நெறைய.

பேச்ச நீங்கதான் ஆரம்பிக்கணும், ஒரு குட்டன் டாக், அதான் வணக்கம், அது போதும். மாடிப்படில, லிஃப்ட்ல, டாக்டர் வெயிட்டிங் ரூம்ல நுழையும்போது பொதுவா சொல்லிட்டு உக்காருங்க, உக்காந்திருக்குற அத்தன பேரும் பதில் சொல்லுவாங்க. நம்ம ஊர்ல முன்னப்பின்ன தெரியாதவங்களுக்கு வணக்கம் சொல்ல மாட்டோம், ஆனா எங்க கிளம்பிட்டீங்கன்னு கேப்போம். இங்க வணக்கம் சொல்லணும், எங்கன்னு கேக்கக் கூடாது.

ஞாயித்துக்கிழமை கடை அடைக்கிறது சட்டமே. 1919ல எழுதின வைமார் அரசியல் சட்டத்துல ஞாயிறு ஓய்வு நாள்னு ஒரு வரி இருந்துச்சு, அத அப்படியே இப்ப இருக்குற சட்டத்துலயும் எடுத்து வச்சிருக்காங்க. டிரில் போடக்கூடாது, தெருவுல வச்சிருக்குற பெரிய தொட்டில கண்ணாடி பாட்டில் கொண்டு போய் போடக்கூடாது, சத்தம் வரும்னு. தெரியாம நான் ஒரு ஞாயிறு போட்டுட்டேன், கீழ் வீட்டம்மா ஜன்னல்ல இருந்து சத்தம் போட்டாங்க. எனக்கு பாஷை முழுசாப் புரியல, கோவம்னு மட்டும் புரிஞ்சுச்சு, வீட்டுக்கு வந்து அழுதேன். செவ்வாக்கிழமை கதவுக்கு அடில ஒரு பேப்பர் கெடந்துச்சு. எந்தத் தொட்டில என்ன போடணும்னு அந்தக் கீழ் வீட்டம்மா கலர் பென்சில்ல வரைஞ்சிருந்தாங்க, பேப்பருக்கு நீலத் தொட்டி, காய்கறித் தோலுக்கு பிரவுன் தொட்டி, ஓரத்துல ஒரு பாட்டில் படம் போட்டு ஞாயிறு மட்டும் அடிச்சு விட்டிருந்தாங்க. வாழைப்பழத் தோல் கூட வரைஞ்சிருந்தாங்க தங்கச்சி. அந்த வயசுல உக்காந்து ஒரு மணி நேரமாவது வரைஞ்சிருப்பாங்க. அந்தப் பேப்பர் இன்னும் என்கிட்ட இருக்கு. நம்ம பார்சல் வந்தா வாங்கி வைக்கிறதும் அவங்கதான்.

ஞாயிறு தொறந்திருக்குறதுல ஒண்ணு பூடெ, தெருமுனைல இருக்குற சின்னக் கடை. டோர்ட்மூண்ட் இருக்குற இந்த ரூர் ஏரியாவுல ரொம்பப் பிரபலமான சமாச்சாரம் அது. சுரங்கத்துலயும் ஆலைலயும் வேலை பாத்தவங்களுக்கு அந்தக் காலத்துல நல்ல குடிதண்ணி கிடைக்கல, சாராயம்தான் குடிச்சுக்கிட்டிருந்தாங்க, அதுக்காக 19ஆம் நூற்றாண்டுல சோடாத் தண்ணி விக்க வச்ச கடைங்க இதெல்லாம். இப்ப பேப்பர், பால், மிட்டாய் எல்லாம் விக்குறாங்க. பொண்ணு கைல ஒரு யூரோ குடுத்து புன்டெ ட்யூட்டெ வாங்கச் சொல்லுங்க. கண்ணாடி டப்பாக்கள்ல கலர் கலரா மிட்டாய் இருக்கும், இதுல ரெண்டு அதுல மூணுன்னு புள்ளதான் சொல்லணும், கடைக்காரர் இடுக்கியால ஒண்ணொண்ணா எடுத்து பேப்பர் பைல போடுவார். பின்னாடி நாலு பேர் நின்னாலும் புள்ள யோசிச்சு முடிக்கிற வரைக்கும் யாரும் அவசரப்படுத்த மாட்டாங்க. என் பொண்ணு ஜெர்மன்ல எண்ணக் கத்துக்கிட்டதே அங்கதான். மிருகத்துல இருந்து எடுக்குற ஜெலட்டின் சேக்காத மிட்டாய் வேணும்னா கேளுங்க, எடுத்துக் காட்டுவாங்க. வார நாள்ல கறிக்கடைக்குப் போனா புள்ளைங்களுக்கு ஒரு துண்டு சாசேஜ் சும்மா நீட்டுவாங்க, நீங்க சைவம்னா சிரிச்சுக்கிட்டே வேணாம்னு சொல்லிட்டா போதும்.

உங்க ஏரியாலயே ஃபீனிக்ஸ் ஏரி இருக்கே, அங்க போங்க. சுத்தி வர மூணு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல, புள்ள சைக்கிள் ஓட்டத் தோதான எடம். அது இயற்கையா வந்த ஏரி இல்ல, 2001 வரைக்கும் இரும்பாலை இருந்த எடம், மூடின பிறகு சீனாக்காரங்க வந்து ஆலையக் கழட்டி கப்பல்ல ஏத்திட்டுப் போனாங்க, அந்தப் பள்ளத்துல 2010 அக்டோபர்ல தண்ணி விட்டாங்க. கரைல ஒரு பெரிய இரும்புக் கொப்பரை மாதிரி நிக்கும், எஃகு காய்ச்சுன பாத்திரம் அது. நாங்க அது பக்கத்துல உக்காந்திருந்தப்ப ஒரு பெரியவர் வந்து, இதுல இருந்து ஊத்தும்போது ராத்திரி வானமே செவந்து போகும், எங்க வீட்டு ஜன்னல்ல வெளிச்சம் அடிக்கும்னு சொன்னார். எனக்கு பாஷை அரைகுறைன்னு தெரிஞ்சதும் ஒவ்வொரு வார்த்தையா நிறுத்தி நிறுத்திச் சொன்னார், புரியாத எடத்துல குச்சியால மண்ணுல கோடு போட்டுக் காட்டினார். வீட்டுக்குப் போக மனசே வரல அன்னிக்கு. செடி கொடி பாக்கணும்னா ரோம்பெர்க் பார்க், காசு கிடையாது.

மழைன்னு வீட்டுக்குள்ள இருந்துடாதீங்க. கால்ல இருந்து நெஞ்சு வரைக்கும் மூடுற மழைப் பேன்ட், மாட்ஷ்ஹோசென்னு கேட்டா குடுப்பாங்க, அது ஒண்ணு வாங்கிடுங்க, சேத்துல குதிக்கட்டும், இங்க அதுக்கு யாரும் புள்ளைய அதட்ட மாட்டாங்க.

நவம்பர் 11 மார்ட்டின் நாள். கிண்டர்கார்டன்ல புள்ளைங்களே பேப்பர்ல லாந்தர் செஞ்சு, இருட்டினதும் பாட்டு பாடிக்கிட்டு ஊர்வலம் போவாங்க, முன்னாடி செவப்புப் போர்வையோட குதிரைல ஒருத்தர். குளிர்ல நடுங்கின பிச்சைக்காரருக்குத் தன் போர்வைய வாளால பாதியா வெட்டிக் குடுத்த மார்ட்டின்ங்கற ரோமானிய சிப்பாய் கதை அது. என் பொண்ணோட லாந்தர் பாதி வழில அணைஞ்சு போச்சு, பேட்டரி தீந்துடுச்சு, அவ அழ ஆரம்பிச்சா. பின்னாடி வந்த பையன், ஆறு வயசு இருக்கும், தன் லாந்தர் குச்சிய நீட்டி நீயும் புடின்னான். ரெண்டும் ஒரே குச்சியப் புடிச்சுக்கிட்டு கடைசி வரைக்கும் நடந்துச்சுங்க. முடிவுல மனுஷ உருவத்துல சுட்ட இனிப்பு பன் குடுப்பாங்க, ஷ்டூட்டன்கெர்ல்னு பேரு, அதையும் தலை இவளுக்கு கால் அவனுக்குன்னு பிச்சுக்கிட்டாங்க.

நம்ம ஆளுங்க முகம் பாக்கணும்னு தோணுறப்ப ஹாம்ங்கற ஊர்ல இருக்குற காமாட்சி அம்மன் கோயிலுக்குப் போங்க. இலங்கைல இருந்து அகதியா வந்தவங்க கட்டி எழுப்பின கோயில், 2002ல கும்பாபிஷேகம், 17 மீட்டர் கோபுரம். சுத்தி ஃபேக்டரிங்க, நடுவுல கோபுரம் நிக்கிறத மொத தடவ பாக்கும்போது எனக்குத் தொண்டைய அடைச்சுச்சு. "பிள்ளை சாப்பிட்டதோ"ன்னு முன்னப்பின்ன தெரியாத அம்மா ஒருத்தங்க கேட்டாங்க, அந்தக் கேள்வியக் கேட்டு அப்ப அஞ்சு மாசம் ஆயிருந்துச்சு. கோடைல தேர்த் திருவிழாவுக்கு ஆயிரக்கணக்குல கூட்டம் வரும், ஜெர்மன்காரங்களும் குடும்பத்தோட வந்து நிப்பாங்க. ரயில்ல ஹாம் போய் அங்கிருந்து பஸ். லோக்கல் பஸ் ரயில் எல்லாத்துக்கும் செல்லுற மாசப் பாஸ், டாய்ச்லாண்ட் டிக்கெட், அது இருந்தா தனியா டிக்கெட் வேணாம், 2023ல 49 யூரோவுக்கு வந்தது 2025ல 58 ஆச்சு, இன்னும் ஏறிக்கிட்டுதான் இருக்கு. உங்க பொண்ணுக்கு ஆறு வயசு ஆகுற வரைக்கும் டிக்கெட்டே கிடையாது.

நாங்க ஞாயிறு மூணு மணிக்கு மேல ஃபீனிக்ஸ் ஏரில அந்த இரும்புக் கொப்பரை பக்கத்துலதான் இருப்போம், மழை பெஞ்சாலும். வாங்க தங்கச்சி, முறுக்கு நான் கொண்டு வரேன்.