சிவப்புத் தரையும் பச்சைச் சுவரும்

கேள்வி: எங்கள் ஹாலில் பழைய ரெட் ஆக்சைடு தரை. ஷேடு கார்டில் சாதுவாக இருந்த வெளிர்பச்சை, சுவரில் அடித்ததும் கண்ணைக் குத்துகிறது. பெயிண்ட் மாறிவிட்டதா?

பதில்: பெயிண்ட்டைத் திட்டாதீர்கள், வேலையைக் காட்டுவது தரைதான். நிறங்களை வட்டமாக அடுக்கிய வண்ணச் சக்கரத்தில் சிவப்புக்கு எதிரே பச்சை. பக்கத்தில் வந்தால் ஒன்றை ஒன்று தூக்கிக் காட்டும். பாரிஸின் கோப்ளான் நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவைப் பார்த்துக்கொண்ட வேதியியலாளர் செவ்ரல், கறுப்பு நூல் மங்கலாக இருக்கிறது என்று வந்த புகாரை ஆராய்ந்து, குறை சாயத்தில் இல்லை, பக்கத்து நிறத்தில்தான் என்று கண்டு 1839-ல் புத்தகமே போட்டார். சரி, நீங்கள் சாம்பல் கலந்த பச்சைக்கு மாறுங்கள், அல்லது க்ரீம். முதலில் சின்ன டப்பா வாங்கி, தரையை ஒட்டிப் பெரிய சதுரமாக அடித்து, பகலிலும் ராத்திரி லைட்டிலும் பாருங்கள். 6500 கெல்வின் எல்இடி, அதாவது நீலம் தட்டும் வெள்ளை லைட் என்றால் பச்சை இன்னும் குளிர்ந்து தெரியும்.