சீட்டு யாருக்குங்க?

கேள்வி: எங்க தொகுதிக்கு இடைத்தேர்தல் வருதுன்னு ஒரே பேச்சுங்க. பேக்கரியில உக்காந்தா எறந்துபோன எம்.எல்.ஏ. பையனா, அவரு தம்பியா, இல்ல அந்த மில்லு ஓனரான்னு பொழுதுக்கும் ஓடுது. உங்க கணிப்புல யாருங்க?

பதில்: பேரு சொல்ல மாட்டனுங்க, கோவிச்சுக்காதீங்க. நீங்க கேட்ட மூணு பேருமே ஒண்ணு ஒறம்பரை, இல்லீன்னா பணம். நாலாவதா ஒரு பேரு உங்க பேச்சுல வரவே இல்லியே, எனக்கு அதுதான் உறுத்துது.

ஈரோடு கிழக்கு நம்ம கண்ணு முன்னால நடந்ததுதானே. 2023 ஜனவரியில அங்க காங்கிரஸ் எம்.எல்.ஏ.வா இருந்த திருமகன் ஈவெரா எறந்தாரு, அன்னைக்கும் இதே ஆரூடம், கடைசீல அவரோட அப்பா இளங்கோவனையே காங்கிரஸ் நிறுத்துச்சு, 66 ஆயிரம் ஓட்டுக்கு மேல வித்தியாசத்துல ஜெயிச்சாரு. 2024 டிசம்பர்ல அவரும் போனதும் மறுபடி அதே பேச்சு, ஆனா அந்தத் தடவ சீட்டே கூட்டணிக்குள்ள கை மாறி தி.மு.க.வுக்குப் போயி சந்திரகுமார் நின்னாரு, அ.தி.மு.க.வும் பா.ஜ.க.வும் போட்டியே வேண்டாம்னு ஒதுங்கிட்டாங்க. அந்த ரெண்டு கட்சியில யாருக்கு சீட்டுன்னு பேசுன பேச்செல்லாம் எதுக்கு ஆச்சுங்க?

முடிவு எடுக்கறது சென்னையிலதான், ஆனா அங்க போற லிஸ்ட் இங்கிருந்துதான் கெளம்புது. சீட்டு வேணுங்கறவரு ஆளுகளை விட்டுப் பேச வெப்பாரு, கண்ணால மண்டபத்து வாசல்ல ஃப்ளெக்ஸ் வெப்பாரு, வாட்ஸப் குரூப்புல போட்டோ சுத்தும், கொஞ்ச நாள்ல "செல்வாக்கான ஆளு, செலவு பண்ணுவாரு"ன்னு நாமளே சொல்ல ஆரம்பிச்சுருவோம். கட்சிக்காரங்க விசாரிக்க வந்தா வாயில வர்றதும் அந்தப் பேருதான். வார்டுல குடிதண்ணிக்கும் சாக்கடைக்கும் வருசக்கணக்கா அலையற கவுன்சிலரம்மா உங்கூர்லயும் ஒருத்தராவது இருப்பாங்க, அவங்க பேரை யாராச்சும் எடுக்கறீங்களா? எடுத்துப் பேசுங்க, இப்பவே, லிஸ்ட் மேல போறதுக்குள்ள.

நம்ம ஈரோட்டுப் பக்கம் மொடக்குறிச்சியில 1996 சட்டமன்றத் தேர்தல்ல 1033 பேரு நின்னாங்க. ஜெயிக்கறதுக்கு இல்லீங்க, விவசாயிக பாடு சர்க்கார் காதுல ஏறட்டும்னு மனு மேல மனுவாப் போட்டாங்க, ஓட்டுச்சீட்டையே புஸ்தகமாட்டம் அடிக்க வேண்டியதாப் போச்சு. அந்தச் சீமையில பொறந்துட்டு யாரு பையன், யாரு மாப்பளைன்னு எண்ணிட்டு இருக்கறது எனக்கு மனசு தாங்கலீங்க.

இன்னொண்ணு, இடைத்தேர்தல்ல ஜெயிக்கறவருக்கு அஞ்சு வருசம் கெடையாது, மிச்சக் காலம்தான். ஈரோடு கிழக்குல 2025 பிப்ரவரியில சந்திரகுமார் ஜெயிச்சப்போ அடுத்த பொதுத்தேர்தலுக்கு ஒரு வருசம் சொச்சந்தான் பாக்கி. அதனால புது காலேஜு, பெரிய ஆஸ்பத்திரின்னு யாராச்சும் பேசுனா நம்பாதீங்க. அந்தக் காலத்துக்குள்ள முடியற வேலை என்னன்னு நீங்களே ஒரு தாள்ல எழுதுங்க, மஞ்சக் காட்டுக்குப் பாயற வாய்க்கால்ல ராத்திரியில சாயத்தண்ணி தொறந்து விடறதைத் தடுக்கறது, பாதியில நிக்கற ரோட்டை முடிக்கறது, இந்த மாதிரி. 2023ல மந்திரிமாரே வீதி வீதியா வந்தாங்க, உங்கூருக்கும் வருவாங்க, சாதாரண நாள்ல மனு குடுக்கவே ஆபீஸ் வாசல்ல நிக்கணும், அன்னைக்கு அவங்களே உங்க வாசலுக்கு வர்றாங்க. சீட்டு யாருக்குக் கெடைச்சிருந்தாலுஞ் சரி, அந்தத் தாளை நீட்டி, எந்த மாசத்துக்குள்ள முடியும்னு ஊருக்காரங்க முன்னாடி அவரு வாயாலயே சொல்ல வெச்சு, வீடியோ எடுத்து வெச்சுக்கங்க.