கூரை ஒன்று, அடுப்பு எத்தனை?

கேள்வி: எங்கள் பெரிய வீட்டில் ஒரு காலத்தில் ஐம்பது பேர் ஒரே கூரையின் கீழ் இருந்தோம். சண்டை கிடையாது, கோர்ட்டு வாசலை மிதித்தவர் கிடையாது. இன்று சென்னையில் மகனும் மருமகளும் இரண்டே பேர்; வாரம் தவறாமல் தகராறு. என் மனைவிதான் தினமும் இரவு மகனோடு போனில் பேசிச் சமாதானம் செய்கிறாள். கூட்டுக் குடும்பம் போனதுதானே காரணம்? இந்தக் காலத்துப் பெண்களுக்கு நாலு வார்த்தை சொல்லுங்கள்.
– ஒரு வாசகர், தேவகோட்டை

பதில்: சொல்கிறேன். ஆனால் அந்த நாலு வார்த்தையும் உங்களுக்குத்தான்.

ஐம்பது பேர் இருந்தீர்கள், சரி. அடுப்பு எத்தனை இருந்தது? அதை எழுதாமல் விட்டுவிட்டீர்களே!

உங்கள் செட்டிநாட்டு நகரத்தார் வீடுகளில் மகனுக்குத் திருமணமானதும் 'வேறு வைப்பது' என்று ஒரு வழக்கம் உண்டு. உங்களுக்குத் தெரியாததா? அதே வீட்டுக்குள் இளம் தம்பதிக்குத் தனிச் சமையல். வளவை, அதாவது வீட்டு நடுமுற்றத்தை, ஒட்டிய அறைகளில் ஒன்று அவர்களுக்கு. பெண் வீட்டிலிருந்து வந்த வெள்ளியும் பித்தளையும் அந்த அறையில் இருக்கும், சாவி மருமகளிடம் இருக்கும். வருடத்துக்கு இவ்வளவு என்று அரிசியும் செலவுக்குப் பணமும் பெரியவர்கள் கொடுத்துவிடுவார்கள். அதற்குள் குடித்தனம் நடத்துவது அவர்கள் சாமர்த்தியம். மாமியார் தம் உலையைத் தாமே வைத்துக்கொள்வார். கல்யாணம், முன்னோருக்குச் செய்யும் படைப்பு என்றால் எல்லோருக்கும் ஒரே பந்தி. கோயில் கணக்கில்கூடக் கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரு புள்ளி. வரி விழுவது புள்ளிக்கு.

ஆகவே, தனிக்குடித்தனம் சென்னைக்குப் போன பெண்கள் கண்டுபிடித்ததல்ல. உங்கள் அப்பத்தாவே அந்தப் பெரிய வீட்டின் இரண்டாம் கட்டுக்குள் நடத்தியிருப்பார்.

சண்டையே இல்லை என்பதையும் கொஞ்சம் விசாரிக்க வேண்டும். பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிற்க, அதாவது தொழில் செய்ய, போனவர்கள் ஒரு கணக்கு, அதாவது ஒரு தவணை, முடிந்து ஊர் திரும்ப ஏறக்குறைய மூன்று வருடம் ஆகும். கணவன் ரங்கூனில், மனைவி தேவகோட்டையில். சண்டை போடவாவது எதிரில் ஆள் வேண்டாமா? இந்துக்களுக்கு நாடு முழுவதும் பொதுவாக விவாகரத்துக்கு வழி வைத்த திருமணச் சட்டமே 1955-இல்தான் வந்தது. கோர்ட்டுக்குப் போகாததை எல்லாம் ஒற்றுமைக் கணக்கில் எழுதிவிடாதீர்கள்.

இனி அந்த இரவுப் போன். தகராறு நடந்த அன்றே ஆச்சிக்கு, அதாவது உங்கள் மனைவிக்கு, செய்தி வந்துவிடுகிறது. மருமகள் மாமியாரிடம் போய்ப் புகார் சொல்லியிருக்கமாட்டாள்; சொல்வது உங்கள் மகன். பாதிக் கதையைக் கேட்டு ஆச்சி தீர்ப்பு வழங்குகிறார். குழம்பில் உப்புக் கூடியதற்கு வந்த சண்டை, சாப்பிட்ட கை காய்வதற்குள் இருவரும் மறந்துவிடக்கூடியது. அது தேவகோட்டை வரை போய்த் திரும்பினால் 'உன் அம்மா என்ன சொன்னார்?' என்று புதிதாக ஒரு சண்டை பிறக்கிறது. பெண்ணைப் பெற்றவர்களும் அந்தப் பக்கத்திலிருந்து இதையே செய்துகொண்டிருந்தால் அவர்களுக்கும் இதே பதில்தான்.

அடி, உதை, குடி என்றால் பேச்சே வேறு. அப்போது நீங்கள் அன்றைக்கே ரயிலேற வேண்டும். போய் நிற்கவேண்டியது மருமகள் பக்கத்தில்.

அப்படி எதுவும் இல்லையென்றால், தினசரிப் போனை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றச் சொல்லுங்கள். மகன் புகாரை ஆரம்பித்தால், 'அதை அவளிடமே சொல்லப்பா' என்று ஆச்சி பேச்சை மாற்றட்டும். ஊரணியில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது, படைப்பு என்றைக்கு, பங்காளிகளில் யார் யார் வருகிறார்கள் – ஒரு தாய்க்கும் மகனுக்கும் பேச விஷயமா இல்லை?